ஆள் வேலை செய்கிறார், இயக்காதே

பேச்சியம்மாள் டீச்சரை ஓவர்ஹால் செய்வதென்று முடிவான கடிதத்தை அடித்தவன் நான்தான். எங்கள் டவுன்ஷிப் பள்ளியில் நான் எழுத்தர். வருகிற கடிதத்தைப் பிரிப்பேன், போகிற கடிதத்தைத் தட்டச்சு செய்வேன், மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இந்த மூன்றாவது வேலையில் எனக்கு நல்ல பெயர்.

1983 புரட்டாசியில் நெய்வேலியில் 'ஆசிரியர் பக்கபல மையம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பக்கத்தில் நின்று பலம் கொடுப்பது அதன் நோக்கம். மையத்துக்குத் தலைவராக வந்தவர் பரமசிவம். இருபது வருடம் சுரங்கத்தில் இயந்திரப் பராமரிப்பு பார்த்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, அவர் சிறு வயதில் ஒன்றில் படித்திருந்ததுதான். திறப்பு விழாவில் அதை அவரே பெருமையாகச் சொன்னார்.

"பரமசிவத்துக்கு ஸ்கூலைப் பத்தி என்ன தெரியும்னு சில பேர் பேசிக்கிறீங்க. ஒண்ணும் தெரியாது. அதனாலதான் என்னைப் போட்டிருக்காங்க. தெரிஞ்சவங்ககிட்ட விட்டு இத்தனை வருஷமா என்ன கிழிச்சோம்? என்னைக் கேட்டா ஆசிரியரும் மெஷின்தான். ஒரே வித்தியாசம், மெஷின் எதிர்த்துப் பேசாது. அந்த ஒரு ரிப்பேரை மட்டும் நாம பாத்துட்டா ரெண்டும் ஒண்ணு."

ஆசிரியர்கள் பலமாகக் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி எனக்கு உத்தரவு இருந்தது. அதனால் நானும் தட்ட முடியவில்லை. என் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

முதலில் யாருக்குப் பக்கபலம் கொடுப்பது என்று கேள்வி வந்தது. சுரங்கத்தில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. எந்த இயந்திரம் அதிக மணி நேரம் ஓடியிருக்கிறதோ அதை முதலில் நிறுத்தி, பிரித்துப் பார்ப்பார்கள். பரமசிவம் எங்கள் வருகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். சரித்திரம் நடத்தும் குழந்தைவேல் வருடத்தில் பாதி நாள் மருத்துவ விடுப்பு. மீதி நாள் பள்ளிக்கு வந்து ஓய்வெடுப்பார். அவருக்குத் 'தேய்மானம் மிகக் குறைவு, நிலைமை நன்று' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். பேச்சியம்மாள் டீச்சர் பதினோரு வருடத்தில் எடுத்த விடுப்பு ஒன்பது நாள். பரமசிவம் அந்தப் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்து, "ஐயோ பாவம், இந்தம்மா எப்படி இன்னும் ஓடிட்டிருக்காங்க!" என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

டீச்சர் தென்காசிப் பக்கத்துக்காரர். பத்தாம் வகுப்பு சி பிரிவுக்குக் கணக்கு. எங்கள் பள்ளியில் அதிகாரிகள் பிள்ளைகள் ஏ பிரிவிலும், பர்மனெண்ட் தொழிலாளர்கள் பிள்ளைகள் பி பிரிவிலும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் காண்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகள் சி பிரிவிலும் இருந்தார்கள். அப்படிப் போடச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சி பிரிவில் நாற்பத்தொரு பேர். மார்ச்சில் அரசுப் பொதுத்தேர்வு. அதில் ஒரு பிள்ளைகூடக் கணக்கில் போகக் கூடாது என்பதுதான் அந்த வருடம் டீச்சருக்கு இருந்த ஒரே கவலை. மையம் வந்து அவருக்கு இரண்டாவது கவலை ஒன்றையும் கொடுத்தது.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை, முதல் மணியில், கருணாகரன் என்ற வழிகாட்டி வந்தார். இருபத்தாறு வயது. மூன்று வாரம் பயிற்சி எடுத்தவர். எப்போதும் சிரித்த முகம். கையில் வேலை அனுமதி எழுதும் பர்மிட் புத்தகமும் ஒரு சிவப்பு அட்டையும். அட்டையைப் பத்தாம் வகுப்பு சி பிரிவின் வாசல் நிலையின் மேலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டார். 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதே' என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே அவர் பெயரும் கையெழுத்தும்.

அந்த அட்டையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தில் ஓர் ஆள் இயந்திரத்துக்குள் இறங்குவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவான். வேலை முடிந்து வெளியே வந்து அவன் கையாலேயே அதை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, எவ்வளவு பெரிய அதிகாரியானாலும். தொட்டால் உள்ளே இருப்பவன் உயிர் போகும். எங்கள் டவுன்ஷிப்பில் கோயில் உண்டியலை உடைத்தவன்கூட இருக்கிறான், சிவப்பு அட்டையைத் தொட்டவன் கிடையாது.

"இது என்ன தம்பி?" என்று கேட்டார் டீச்சர்.

"உங்களுக்குப் பக்கபலம் குடுக்கிறோம் டீச்சர். குடுத்து முடிக்கிற வரைக்கும் நீங்க வகுப்பு எடுக்கக் கூடாது. ஓடுற மெஷின்ல கை வைக்க முடியாதில்ல?"

"அப்ப என் பிள்ளைகளுக்கு யாரு கணக்கு நடத்துவா?"

"அந்த ரூம்ல யாரும் எதுவும் நடத்தக் கூடாது டீச்சர். கார்டு மாட்டியாச்சே."

டீச்சரைப் பழைய ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எட்டு பெஞ்சுகள் காலியாகப் போட்டிருந்தன. பாடம் நடத்தச் சொன்னார் கருணாகரன்.

"யாருக்கு நடத்தட்டும்?"

"யாருக்கும் இல்ல. முதல்ல லோடு இல்லாம ஓட்டிப் பாக்கணும். பிள்ளைங்க இருந்தா ரீடிங் சரியா வராது."

பேச்சியம்மாள் டீச்சர் எட்டு காலிப் பெஞ்சுகளுக்கு இருபடிச் சமன்பாடு நடத்தினார். கருணாகரன் ஒரு மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். சாக்பீஸ் தேய்மானம், மணிக்கு இரண்டு அங்குலம். குரல், முதல் பெஞ்சில் பலம், எட்டாவதில் மிதம். வெப்பநிலை, பதினேழாவது நிமிடத்தில் சூடானார். கடைசி வரியில் 'மாணவர் பங்கேற்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நேர்மையாகப் பூஜ்யம் போட்டார். ஆசிரியை கேட்ட பதினான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட வகுப்பில் எவரும் பதில் சொல்லவில்லை என்பதால் அவருக்குக் கூடுதல் பக்கபலம் தேவை என்று அறிக்கை போயிற்று. அதையும் நான்தான் அடித்தேன். நவம்பர் முழுவதும் இதே கதை. பூஜ்யம் வர வர நாள் கூடியது. நாள் கூடக் கூட வெப்பநிலையும் கூடியது.

எதிர் வராந்தாவிலிருந்த வகுப்பறையில் நாற்பத்தொரு பிள்ளைகள் அட்டையில் படாமல் பக்கவாட்டில் நுழைந்து போய் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் அக்டோபர் மாதத்துக் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது. அதையே தினமும் நோட்டில் எழுதினார்கள். டீச்சருக்கு ஆய்வுக்கூடத்திலிருந்தே அவர்கள் சத்தம் கேட்கும். சத்தம் கேட்காத நாட்களில்தான் அவர் அதிகமாக வேதனைப்பட்டார்.

தலைமையாசிரியர் வைத்திலிங்கத்திடம் முறையிடலாம் என்று டீச்சரும் நானும் போனோம். அவர் வராந்தாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

"எனக்கும் தலைமைப் பண்புல பக்கபலம் நடந்துட்டிருக்கும்மா. லோடு இல்லாம முடிவு எடுக்கச் சொல்றாங்க. இன்னிக்கு மட்டும் பன்னிரண்டு முடிவு எடுத்தேன். ஒண்ணும் யாருக்கும் தேவைப்படல. உங்க விஷயத்துல முடிவு எடுத்தேன்னா அது லோடு ஆயிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்பா, கொஞ்சம் நிழல்ல தள்ளிப் போட்டுக்கலாமா இந்த ஸ்டூலை? இல்ல, அதுவும் முடிவா?" என்று கேட்டார். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்த மனிதர்.

டிசம்பரில் கருணாகரன் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பேச்சியம்மாள் டீச்சருக்கு அவர் கொடுத்த பக்கபலத்தை மெச்சி, ஆறு மாதப் பயிற்சிக்கு வடக்கே அனுப்புகிறார்களாம்.

"எல்லாம் உங்களாலதான் டீச்சர்" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"நல்லா இருப்பா. போறதுக்கு முன்னால அந்த அட்டையை எடுத்துட்டுப் போயிரு."

"வேலை முடியாம எப்படி டீச்சர் எடுக்கிறது? முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டா பொய்யாயிடுமே. ஆறே மாசம், ஓடி வந்துடறேன்."

அவர் கண்ணில் கபடம் இல்லை. கபடம் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு பரமசிவத்தைப் பார்க்கப் போனார். அவர் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பரமசிவம் காப்பி வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், எனக்குக் கீழ ஒரு பையன் வேலை பார்த்தான். உள்ள இறங்கியிருந்தான். அவசரம்னு இன்னொருத்தன் அட்டையை எடுத்துட்டு சுவிட்சைப் போட்டுட்டான். அந்தப் பையனோட செருப்பைத்தான் அவங்க வீட்டுல கொண்டு போய்க் குடுத்தேன். அன்னிலேர்ந்து அட்டை விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக்குடுக்கிறதில்ல. இன்னிக்கு உங்களுக்காக ஒரு அட்டையை எடுத்தேன்னா, நாளைக்கு மைன்ஸ்ல எவன் அதை மதிப்பான்?"

"பிள்ளைங்க பரீட்சை எழுதணுமே சார்" என்றார் டீச்சர்.

"லோடைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். லோடு எப்பவும் காத்திருக்கும். எத்தனை மாசம் மெஷினை நிறுத்தினாலும் கரி எங்கயும் எழுந்து போயிட்டதில்லையே!"

மறுநாள் டீச்சர் என்னிடம் சொன்னார். அட்டையைப் பிய்த்துப் போட்டுவிடுகிறேன் என்று இரவு கணவரிடம் சொன்னாராம். அவர் கணவர் சண்முகசுந்தரம் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அதுல மட்டும் கை வைக்காத. எவனும் கை வைக்க மாட்டான்னு நம்பித்தான் நான் தெனமும் உள்ள போயிட்டு வாரேன்" என்றாராம்.

"அவங்க சொல்லுததும் சரிதான சார்? ஆபீசர் சொன்னதும் சரிதான். எல்லாம் சரியா இருக்கு. அதான் எனக்கு அழுகை அழுகையா வருது" என்றார் டீச்சர். ஒரு நூலில் தொங்கும் துண்டு அட்டை. சின்னக் காற்றுக்கே ஆடும். ஆனால் எங்களில் ஒருவருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று சாமியம்மாள் வந்தாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரி. எங்கள் பள்ளியைக் கூட்டும் காண்ட்ராக்ட் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. அவள் மகள் பெரியநாயகி சி பிரிவில் படித்தாள்.

"இன்னாங்க டீச்சர் இது? மூணு மாசமா புள்ளைங்க சும்மா குந்திகினு இருக்குதுங்க. எங்க வூட்டுல அவங்க அப்பா சொல்லிட்டாரு. கணக்குல போச்சுன்னா முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போவணும், அவ்வளவுதான்னு. ராவும் பகலும் அழுதுகினு கெடக்குறா பொண்ணு."

டீச்சர் வாசலைக் காட்டினார். "அட்டை தொங்குதே சாமியம்மா. நான் எப்படி உள்ள போவேன்?"

"நான் தெனம் போய்க்கினுதான கீறேன்?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். உண்மைதான். தினமும் காலையில் விளக்குமாற்றோடு அந்த அட்டையைத் தலையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்க் கூட்டிவிட்டு வருகிறவள் அவள். நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

"நாங்க காண்ட்ராக்ட்டுங்க டீச்சர். கார்டெல்லாம் எங்களுக்கு ஏதுங்க? முன்ன ஒரு காண்ட்ராக்டர்கிட்ட, மைன்ஸ்ல கரி போவுற பெல்ட்டுல வேலை செஞ்சேன். பெல்ட்டு ஓடிகினு இருக்கும்போதே அடியில பூந்து கரி வாருவோம். அந்த மனுசன் ஒருநாளும் ஒரு கார்டு மாட்டினதில்ல. கார்டு மாட்டறது பேரு இருக்கிற ஆளுக்குத்தான். எங்க பேரு தெனம் காலைல எழுதி, சாயங்காலம் அடிக்கிற பேரு."

"நாளைக்கு என் பேரையும் எழுதுதியா?" என்று கேட்டார் டீச்சர்.

மறுநாள் சாமியம்மாள் கொடுத்த ஆள் பட்டியலில் கடைசி வரி, 'பேச்சியம்மாள், கரும்பலகை துடைக்க.' எந்தப் பேச்சியம்மாள் என்று கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை, முத்திரை குத்திக் கொடுத்தேன். காண்ட்ராக்ட் பெண்கள் மாதிரியே புடவைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தார் டீச்சர். அட்டையைத் தலையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். நாற்பத்தொரு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பலகையைத் துடைக்க வேண்டுமென்றால் அதில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். ஆகவே எழுதினார். துடைத்தார். மறுபடி எழுதினார். மூன்று மாதப் பாடத்தை ஆறு வாரத்தில் எழுதித் துடைத்தார். ஆய்வுக்கூடத்தில் அவரைக் கவனிக்க ஆள் இல்லாததால், தினசரிப் படிவத்தில் 'ஆசிரியை இயங்கவில்லை' என்று நானே நிரப்பி மையத்துக்கு அனுப்பினேன். மையத்திலிருந்து திருப்தி தெரிவித்துக் கடிதம் வந்தது.

பிப்ரவரி கடைசியில் பரமசிவம் திடீரென்று பார்வையிட வந்தார். வராந்தாவில் அவருக்குப் பின்னால் நடந்தேன். சி பிரிவு வாசலில் நின்றார். அட்டை சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். பலகை நிறைய எண்கள். அதன் முன்னால், காக்கிச் சட்டையும் தலைத்துண்டுமாகப் பேச்சியம்மாள் டீச்சர், கையில் டஸ்டரோடு.

"கார்டு மாட்டின ரூம்ல யாருய்யா அது?"

"காண்ட்ராக்ட் ஆளுங்க சார்" என்றேன்.

"காண்ட்ராக்ட்டா? சரி சரி."

இரண்டு மாதத்துக்கு முன் எதிரே உட்காரவைத்துக் காப்பி கொடுத்த அதே முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் கண் அந்தச் சட்டையோடு நின்றுவிட்டது.

"ஏம்மா, நல்லா அழுத்தித் துடை. எழுத்து இன்னும் தெரியுது பாரு."

டீச்சர் திரும்பி அழுத்தித் துடைத்தார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சில் பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிடத்தில் 'சார், இது டீச்சர்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். சொல்லாததற்காக இன்றுவரை எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

வெளியே வந்ததும் பரமசிவம் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா? டீச்சர் இல்லாமலே பசங்க என்ன அமைதி, என்ன ஒழுங்கு!"

நாற்பத்தொரு பேர் எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் கணக்கில் தேறினார்கள். பெரியநாயகி எழுபத்தெட்டு. ஏ பிரிவில்கூட அவ்வளவு தேர்ச்சி இல்லை. சாமியம்மாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேறாத இரண்டு பேரின் பெயரைச் சொல்லி டீச்சரும் அழுதார்.

மையத்தின் ஆண்டறிக்கை மே மாதம் வந்தது. படி எடுக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். 'இப்பள்ளியில் ஆசிரியர் முழுமையாக நிறுத்திவைக்கப்பட்ட பிரிவு ஒன்றே ஒன்று. மிக உயர்ந்த தேர்ச்சியும் அப்பிரிவில்தான். ஆசிரியர்கள் இயங்கிய பிரிவுகளில் இத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. ஆகவே வரும் கல்வியாண்டில் இப்பக்கபலம் எல்லா வகுப்புகளுக்கும் விரிவாக்கப்படுகிறது.' ஐந்து படி எடுத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது பதினாறு அறைகளிலும் பதினாறு சிவப்பு அட்டைகள். முதல் நாள் ஆசிரியர்கள் எல்லோரும் லோடு இல்லாமல் நடத்த ஆளுக்கொரு காலி அறை தேடினார்கள். இரண்டாம் நாள் யார் யாரிடம் சொன்னார்களோ தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பள்ளியின் பின் கேட்டில், காண்ட்ராக்ட் ஆட்கள் நிற்கும் இடத்தில், நீளமாக ஒரு வரிசை. பழைய சட்டைகள், தலையில் துண்டுகள். வைத்திலிங்கம் சார் நின்றார். குழந்தைவேல்கூட நின்றார், பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக நேரத்துக்கு வந்து. புருஷனுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு வந்ததால் பேச்சியம்மாள் டீச்சருக்குக் கொஞ்சம் தாமதம். வரிசையின் நடுவில் இடம் கிடைத்தது. இந்த வருடச் சி பிரிவில் நாற்பத்துநான்கு பேர் என்று முன்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாமியம்மாள் பட்டியலோடு வந்தாள். வரிசையைப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினாள்.

"காண்ட்ராக்டரு சொல்லி அனுப்பிச்சிருக்காருங்க. இன்னிக்கு ஆறு டீச்சருக்குத்தான் வேலை இருக்குதாம். மத்தவங்க நாளைக்கு வந்து பாருங்க."

ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணி ஆறு பேரை உள்ளே விட்டாள். கேட்டைச் சாத்தும்போது ஏழாவதாக நின்றவர் பேச்சியம்மாள் டீச்சர்.